சம்பூர்ணத்தின் எடை

ஜூன் 5, திங்கள்

இன்று முதல் எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வாயால் சொன்னால் இந்த முதியோர் குடியிருப்பில் எதற்கும் மதிப்பில்லை. "நோட் பண்ணிக்கறேன் அங்கிள்" என்று மேனேஜர் ஹரிணி சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எங்கே நோட் பண்ணுகிறாள் என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். சரி, நான் பண்ணுகிறேன். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தாறு வருஷம் தரக்கட்டுப்பாட்டு சூப்பிரண்டாக இருந்தவன் நான். நூல் சிட்டத்தைத் தராசில் போட்டு, எடை கொஞ்சம் தவறினாலும் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியவன். நாச்சிமுத்து பாஸ் பண்ணிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பார்கள்.

போன வியாழக்கிழமை சம்பூர்ணத்தை, முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கேர் விங்குக்கு மாற்றிவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. டாக்டரும், ஆக்லாந்தில் இருக்கும் என் மகள் மஞ்சுளாவும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் மூன்று வருஷமாக இருக்கும் பதினேழாம் எண் வில்லாவில் இப்போது நான் மட்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு வலது கை, வலது கால் இரண்டும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது.

மே மாதம் குளியலறையில் அவள் விழுந்தபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். காபி வரவில்லையே என்று இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை எழுந்துபோய்ப் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு மஞ்சுளா என்னென்னவோ பேசினாள். பேப்பர் படித்துக்கொண்டிருப்பவனுக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும்?

சேர்க்கும்போது எடை 52 கிலோ. திங்கள்தோறும் சக்கர நாற்காலியோடு தராசில் ஏற்றி நிறுப்பார்கள். நானும் குறித்துக்கொள்வேன்.

ஜூன் 6, செவ்வாய்

கண்ட குறைகள். ஃபேன் இறக்கையில் ஒட்டடை. தலையணை உறை பழையது. தண்ணீர் ஜாடிக்கு மூடியில்லை. கொசு விரட்டி மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகிறது.

காலையில் நானே காபி போட்டுக் குடித்தேன். கசந்தது. சர்க்கரை டப்பாவை எங்கே வைத்துத் தொலைத்தாளோ.

ஜூன் 7, புதன்

அவளுக்குப் பகல் நேர அட்டெண்டர் ஜெபராணி என்பவள். தூத்துக்குடிப் பக்கம். வயது நாற்பது இருக்கும், ஆள் குண்டு, தொண்டை பெரிசு. "அம்மா, மூஞ்சியத் திருப்பாதிய, பவுடர் போடணும்லா" என்று கத்துகிறாள். சம்பூர்ணம் சிரித்தாள். கோணிப்போன வாயோடு, சத்தம் வருகிற மாதிரி.

எனக்கு என்னவோ போலிருந்தது. பொதுவாகச் சத்தம் போட்டுச் சிரிக்கிறவள் இல்லை அவள். நான் பார்த்ததில்லை.

குறை: அட்டெண்டர் நோயாளியிடம் மரியாதையில்லாமல் பேசுகிறாள்.

ஜூன் 12, திங்கள்

50.6. சேர்த்த பதினோரு நாளில் ஒரு கிலோ நானூறு கிராம் குறைவு.

மதியச் சாப்பாட்டை வாயில் வாங்குவதே இல்லையாம். பன்னிரண்டரைக்குத் தட்டு வருகிறது, ஒரு மணிக்குத் தட்டை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். "நானும் கெஞ்சிப் பாக்கேன் ஐயா. வாயப் பூட்டிக்கிட்டு வாசலையே பாக்காவ. நாலு மணிக்குக் கஞ்சி குடுத்தா ரெண்டு மடக்குக் குடிக்காவ" என்றாள் ஜெபராணி. சாப்பிட வைக்கத்தானே நீ இருக்கிறாய் என்று கேட்டேன்.

ஜூன் 14, புதன்

என் மதியச் சாப்பாடு ஒன்றே காலுக்கு, மெஸ்ஸில். மில்லில் பழகிய நேரம், மாற்றுவதற்கில்லை. மெஸ் தட்டில் சாப்பிட மாட்டேன். என் பெயர் வெட்டிய தட்டைக் கையோடு கொண்டுபோவேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கேர் விங்குக்குப் போய் நாற்காலியில் உட்காருவேன்.

போனதும் சம்பூர்ணம் இடது கையால் என் வலது கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே வைத்துக்கொள்கிறாள். தினமும் இப்படித்தான். கையில் இன்னும் ரசவாசனை இருக்கும். முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டு வைக்கிற மேஜையைப் பார்க்கிறாள். மேஜை காலி. பாசம்தான், வேறென்ன.

ஜூன் 18, ஞாயிறு

மஞ்சுளா போன். "ஏனுங்கப்பா, அம்மா எளைச்சுப் போயிட்டாங்களே, சாப்பிடறாங்களா?" என்றாள். அங்கே சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை, நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன். "எழுதி என்னங்கப்பா பண்றது?" என்றாள். படித்த பெண் கேட்கிற கேள்வியா இது.

ஜூன் 19, திங்கள்

49.3.

வில்லாவில் குக்கர் வாஷர் போய்விட்டது. எங்கே வாங்குவாள் என்று தெரியவில்லை. கேட்டால் சொல்ல அவளுக்கு வாயில்லை.

ஜூன் 23, வெள்ளி

பக்கத்து வில்லா கோதண்டபாணி மெஸ்ஸில் என் எதிரில் உட்கார்ந்தார். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஊர்ப்பேச்செல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். சம்பூர்ணம் சாப்பிடாததைச் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இங்க வந்த புதுசுல ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க சாப்பிட்டு எழுந்திரிச்சீங்க. அவங்க உங்க தட்டுலயே சோறு போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. ஞாபகம் இருக்கா?"

"அது அவ பழக்கம்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. நாப்பத்தேழு வருஷம்."

"அப்ப நீங்க பன்னெண்டரைக்கே அங்க போயி ஒரு வாய் சாப்பிட்டுத் தொலைங்களேன் சார்."

எனக்குச் சுருக்கென்றது. என் நேரம் ஒன்றே கால் என்றேன். "அட, எமன் வந்தாக்கூட ஒன்னே கால்னுதான் சொல்வீங்க போல" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். அவருக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி. இனி வேறு மேஜையில் உட்கார வேண்டும்.

நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை என்பது எனக்குத் தெரியாதா? தனித் தட்டே அவளுக்குக் கிடையாது. சாப்பிடும்போது கறிவேப்பிலையைத் தட்டின் இடது ஓரத்தில் நான் ஒதுக்கி வைத்திருப்பேன். அதைக்கூடத் தள்ளாமல் அப்படியே சோறு போட்டுக்கொள்வாள். காய்ச்சலில் கிடந்த நாளிலும், மஞ்சுளா வயிற்றில் இருந்தபோதும், நான் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்த நாட்களிலும் இதேதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கம்மா ஒரே ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான்.

ஆனால் அது வேறு, இது வேறு. சாப்பிட வைப்பது அவர்கள் பொறுப்பு.

ஜூன் 26, திங்கள்

48.2.

வாக்கிங் ஸ்டிக் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஜூன் 30, வெள்ளி

இந்தக் குடியிருப்பின் விதிமுறைப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். நாற்பத்திரண்டு பக்கம். இங்கே வேறு எவனும் படித்திருக்க மாட்டான். ஒன்பதாவது பிரிவில் இருக்கிறது: கேர் விங்கில் இருப்பவரின் எடை, சேர்ந்தபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது பராமரிப்புக் குறைபாடு. குடும்பத்தார் எழுதிக் கேட்டால் அவரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

52-இல் பத்தில் ஒரு பங்கு 5.2. அதாவது 46.8-க்குக் கீழே வர வேண்டும்.

வர வேண்டும் என்றா எழுதிவிட்டேன். வந்தால் என்று இருக்க வேண்டும்.

ஜூலை 3, திங்கள்

47.5. இன்னும் எழுநூறு கிராம்தான்.

கன்னத்தில் எலும்பு தெரிகிறது. டாக்டர் ஏதோ டானிக் எழுதிக் கொடுத்தார். "அங்கிள், ஆன்ட்டிக்குப் பிடிச்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க. செய்யச் சொல்றேன். வீட்ல எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று ஹரிணி கேட்டாள். எல்லாரையும் போலத்தான் என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

மஞ்சுளா இப்போதெல்லாம் ஜெபராணி போனில் வீடியோ போட்டு அம்மாவைப் பார்க்கிறாளாம். எனக்குத் தெரியாமலே நடக்கிறது. இன்று நான் போனபோது இரண்டு பேரும் என்னவோ பேசி முடித்திருந்தார்கள். ஜெபராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்ததா? அட்டெண்டருக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது.

ஜூலை 10, திங்கள்

47.9.

கூடியிருக்கிறது. தராசில் ஏதோ கோளாறு.

ஜூலை 11, செவ்வாய்

ஜிம்மிலிருந்து பத்துக் கிலோ இரும்புத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் கேர் விங் தராசில் வைத்தேன். பத்து காட்டியது. இரண்டு வைத்தேன். இருபது. சரியான தராசுதான். "அங்கிள், முதுகு பிடிச்சுக்கும்" என்று ஹரிணி பதறினாள். முதுகு பிடித்துக்கொண்டது, அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குப் போனால் சம்பூர்ணம் என் கையைப் பிடிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்தவர்களின் தூக்கம்.

ஜூலை 17, திங்கள்

49.1. யாரைக் கேட்டாலும் "ஆன்ட்டி நல்லாச் சாப்பிடறாங்க" என்கிறார்கள். எப்படி?

ஜூலை 18, செவ்வாய்

இன்று பன்னிரண்டேகாலுக்கே போய், கேர் விங் ஜன்னலுக்கு வெளியே அரளிச் செடிப் பக்கம் நின்றேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஜெபராணி ஒரு காலித் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சாம்பார் கிண்ணத்தில் விரலை விட்டுத் தட்டு முழுக்கப் பூசினாள். ரசம் ரெண்டு சொட்டு. சக்கையாக மென்ற முருங்கைக்காய் ஒன்று. கடைசியில் நாலு கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்து, இடது ஓரத்தில் வரிசையாக ஒதுக்கினாள். இடது ஓரம்! மஞ்சுளாதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பெற்ற மகள்.

பிறகு சக்கர நாற்காலிக்கு முன்னால் தட்டை நீட்டி, "அம்மா, ஐயா சாப்ட்டாவ. பாத்தியளா? முருங்கைக்காய்னா அவ்வளவு பிரியம் போல. இனி நீங்க சாப்பிடலாம்" என்றாள்.

சம்பூர்ணம் தட்டைப் பார்த்தாள். என் தட்டில் என் பெயர் வெட்டியிருக்கும். இது மெஸ்ஸில் அடுக்கி வைத்திருக்கும் ஐம்பது தட்டில் ஒன்று. அவள் எட்டாவது வரை படித்தவள், கண்ணிலும் குறையில்லை. இடது கை விரலால் விளிம்பைத் தடவினாள், பெயர் வெட்டியிருக்கும் அந்த இடத்தில். ஒன்றுமில்லை. ஜெபராணியை ஏறிட்டுப் பார்த்தாள். சிரித்தாள். அன்றைக்கு மாதிரி, சத்தம் வருகிற சிரிப்பு.

பிறகு வாயைத் திறந்தாள். முழுத் தட்டும் சாப்பிட்டாள். இரண்டாம் முறை தட்டைக் காட்டிக் கேட்டு வாங்கினாள்.

நாற்பத்தேழு வருஷம். ஒரு அட்டெண்டர் பூசிக் கொடுத்த பொய்த் தட்டில். தெரிந்தே. எனக்கு ஒன்றே காலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மணிக்கு அங்கே போகவும் இல்லை.

ஜூலை 19, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 21, வெள்ளி

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: "கேர் விங்கில் நம் வீட்டுப் பெண்களுக்கு எச்சில் தட்டில் சோறு போடுகிறார்கள். கண்ணால் பார்த்தேன். நாச்சிமுத்து, வில்லா 17."

மத்தியானத்துக்குள் அறுபத்துமூன்று செய்திகள். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள் வரை எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "என்ன அநியாயம் இது", "யார் அந்த அட்டெண்டர்", "உடனே நடவடிக்கை வேண்டும்". வந்த நாள் முதல் என் ஒட்டடைக் குறிப்பைக்கூட ஒருத்தரும் படித்ததில்லை. இன்று எல்லாரும் வணக்கம் வைக்கிறார்கள்.

கோதண்டபாணி மட்டும் குழுவில் எதுவும் போடவில்லை. வழியில் பார்த்தபோது வணக்கமும் வைக்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

50.2.

விசாரணை. ஆபீஸ் ரூமில் ஹரிணி, குடியிருப்போர் கமிட்டியிலிருந்து இரண்டு பேர், ஜெபராணி, நான்.

"யாரு எச்சியும் இல்ல மேடம்" என்றாள் ஜெபராணி. "கழுவின தட்டு. நாந்தான் சாம்பாரப் பூசினேன். முருங்கைக்காய நாந்தான் மென்னு வச்சேன், அது ஓரத்துலதான் கெடக்கும், அம்மா வாயில போகாது. மகதான் போன்ல சொன்னாவ, ஐயா சாப்ட்ட தட்டுலதான் அம்மா சாப்பிடுவாவன்னு. ஐயா ரெண்டு மணிக்குத்தான வாறாவ. அதுக்குள்ள தட்ட எடுத்துருதோமே. நா என்ன செய்ய?"

மென்று வைத்ததை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். கமிட்டிக்காரர் ஒருவர் "சீச்சீ" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். இனி தனியாக நிரூபிக்க எதுவுமில்லை.

ஹரிணி என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. ஆன்ட்டிக்கு இந்தப் பழக்கம் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா, ஜெபராணி நல்லதுக்குத்தான் பண்ணினாங்கன்னு நான் கமிட்டிகிட்ட பேசலாம்."

"அதெல்லாம் ஊர்ல இருந்த காலத்துப் பழக்கமுங்க மேடம். எப்பவோ விட்டாச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

ஜெபராணி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மாலையில் மஞ்சுளா போன் செய்து கத்தினாள். டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 26, புதன்

ஜெபராணி போய்விட்டாள். கேட்டில் அவள் பெயரை எழுதி வைத்து, உள்ளே விடக்கூடாது என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. போகும்போது என் வில்லா வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு பை, ஒரு குடை.

"ஐயா, எனக்கு வேலை எங்கயும் கெடைக்கும். நீங்க நாளைக்கி பன்னெண்டரைக்குப் போயி அவுக கூட ஒரு வாய் சாப்பிட்டுருங்க. ஒரு வாய் போதும். உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

விழவும் செய்தாள். வாசலிலேயே. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 27, வியாழன்

மழை. கொடியில் கிடந்த வேட்டி நனைந்துவிட்டது. இரண்டு மணிக்குப் போனேன்.

ஜூலை 31, திங்கள்

48.9. புது அட்டெண்டர் நல்ல பெண், அதிகம் பேசுவதில்லை. சம்பூர்ணமும் சிரிப்பதில்லை. அறை அமைதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

47.3.

ஆகஸ்ட் 14, திங்கள்

46.5. ஒன்பதாவது பிரிவு!

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரே பக்கம், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. ஹரிணி படித்துவிட்டு, "ஆன்ட்டிக்கு இது நல்லதான்னு யோசிங்க அங்கிள்" என்றாள். கண் கலங்கியிருந்தது. சின்னப் பெண், வேலைக்குப் புதுசு. தோல்வியை ஒப்புக்கொள்ளப் பழக வேண்டும். மில்லில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பேன்.

ஆகஸ்ட் 16, புதன்

சம்பூர்ணம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பழைய இடத்திலேயே கட்டிலைப் போட்டாயிற்று. பகலில் புது அட்டெண்டர் வருவாள். பூஜை அறை விளக்கை நானே துடைத்து ஏற்றினேன். ஜன்னல் திரை மாற்றினேன். எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இனி மெஸ் கிடையாது. கேரியரில் சாப்பாடு வந்துவிடும். ஒன்றே காலுக்கு அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். முருங்கைக்காய் சாம்பார், பீட்ரூட் பொரியல். கறிவேப்பிலையை இடது ஓரத்தில் ஒதுக்கினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, என் தட்டை அவள் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இந்தா புள்ள, நான் சாப்பிட்டாச்சு. இப்ப நீ சாப்பிடு" என்றேன்.

தட்டைப் பார்த்தாள். விளிம்பில் விரல் வைத்து என் பெயரைத் தடவினாள். நா, ச், சி, எல்லா எழுத்தையும். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அலைச்சல். நாளைக்குச் சாப்பிடுவாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பன்னிரண்டரைக்கே சாப்பிட்டேன். மில் விட்டு வந்த பிறகும் மாற்றாத நேரத்தை அவளுக்காக மாற்றினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்டெண்டர் ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நான் ஊட்டப் போனேன். கல்யாணத்தன்று சடங்குக்காக ஊட்டியது, அதற்கப்புறம் இன்றுதான். உதட்டில் சோறு பட்டதும் இடது கையால் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் சாம்பார்.

வேண்டுமென்றே செய்கிறாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

45.1.

நிறுக்கக் கேர் விங்குக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்த அறை வாசலைத் தாண்டும்போது சம்பூர்ணம் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஒரு தடவை பார்த்தால் மனம் மாறாது என்று, பன்னிரண்டுக்கு ஒரு முறையும் ஒன்றே காலுக்கு ஒரு முறையும் அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். காலையிலும் ராத்திரியிலும் அப்படியே இரண்டிரண்டு முறை. "பாரு, சாப்பிடறேன். பாரு, முடிச்சாச்சு." வயிறு உப்பிக் கிடக்கிறது. ஏப்பம் ஏப்பமாக வருகிறது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், சினிமா பார்க்கிற மாதிரி. தண்ணீர் மட்டும் குடிக்கிறாள், அதுவும் அட்டெண்டர் கையால்.

ஆகஸ்ட் 28, திங்கள்

43.0. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, புதன்

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டார். பத்து நிமிஷத்தில் இடது கையால் உருவி எறிந்துவிட்டாள். மூக்கில் ரத்தம். மறுபடி போட்டுக் கையைக் கட்டிவிடலாம் என்றார் டாக்டர். சரி என்றேன். மஞ்சுளா போனிலேயே அழுது கூப்பாடு போட்டு வேண்டாம் என்றாள். அடுத்த புதன்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள்.

"ஏனுங்கப்பா, ஜெபராணியக் கூப்பிடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். நீங்க கூப்பிடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

கூப்பிட்டேன். இங்கே கோவையிலேயே வேறு ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். நான் யாரென்று சொன்னதுமே, "அம்மா சாப்பிடுதாவளா ஐயா?" என்றாள். இல்லை என்றேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நா வாறேன். எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா கேட்டுல விட மாட்டாவளே ஐயா. மேடத்துக்கிட்டப் பேசினேன், புகார் குடுத்தவரே எழுதிக் குடுத்தாத்தான் கமிட்டி கேக்கும்னு சொல்லிட்டாவ. ஒரு வரி எழுதிக் குடுங்க. எச்சித் தட்டு இல்ல, அம்மாவுக்கு அந்தப் பழக்கம் உண்டுன்னு எனக்கு முன்னாலயே தெரியும், அப்படின்னு. மறுநாள் காலையில நா அங்க நிப்பேன். ஒரு வரி ஐயா."

எழுதித் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

கடிதம் எழுத உட்கார்ந்தேன். "ஐயா, கீழே கையெழுத்திட்டிருக்கும் நாச்சிமுத்து ஆகிய நான்" வரை வந்தது. அடுத்த வார்த்தை "எனக்கு" என்று இருக்க வேண்டும். அறுபத்துமூன்று பேர் செய்தி போட்ட குழு அது. கோதண்டபாணி படிப்பார். ஹரிணி சத்தமாக வாசிப்பாள். முப்பத்தாறு வருஷத்தில் நான் பாஸ் பண்ணியதை நானே ரிஜக்ட் பண்ணியதில்லை.

கிழித்துப் போட்டேன். நாளைக்குத் தெளிவாக உட்கார்ந்து எழுத வேண்டும்.

செப்டம்பர் 2, சனி

சம்பூர்ணம் என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. மூக்கருகே கொண்டுபோவாள் என்று பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேஜைமேல் இருந்த பேனாவைப் பக்கத்தில் தள்ளினாள். மஞ்சுளாவும் ஜெபராணியும் ஸ்பீக்கரில் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

எனக்கு ஜலதோஷம், தலை பாரமாக இருந்தது. இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. எழுதினாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஜெபராணி மூன்று முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

சம்பூர்ணம் 41.2. கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறாள். மஞ்சுளா வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அது வரைக்கும் தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஹரிணியைப் பார்த்தார்.

அவளை இறக்கிய பிறகு, தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானும் ஏறினேன். 74.3. வந்தபோது 71 இருந்தேன். மூன்று கிலோ முந்நூறு கிராம் கூடியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்து எழுத வேண்டும்.